குடலின் தூதர்: மருத்துவத் தமிழ் வரலாற்றில் அறுந்த ஓர் இழை

ஓர் அறிவுத்துறையின் வரலாறு அத்துறையிற் கண்டறியப்பட்ட உண்மைகளின் வரலாறு மட்டுமன்று. அவ்வுண்மைகள் எந்த மொழியில், எவருக்கு, எக்காலத்தில் எடுத்துரைக்கப்பட்டன என்பதும் அவ்வரலாற்றின் பிரிக்கமுடியாத கூறாகும். பசி, சமிபாடு, உடற்பருமன் ஆகியன பற்றிய அறிவை இந்நோக்கில் ஆராயுமிடத்து யாழ்ப்பாணக் குடாநாடு தனித்த கவனத்துக்கு உரியதாகின்றது. மனித உடலின் தொழிற்பாட்டை விளக்கும் மேனாட்டு நூல்கள் தமிழிற் பெயர்க்கப்பட்டு, அவற்றைக் கொண்டு தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கப்பட்ட களம் இக்குடாநாடாகும். ஆயின், பசியையும் பருமனையும் பற்றிய இன்றைய விளக்கத்துக்கு அடிப்படையான கண்டுபிடிப்பு நிகழ்ந்த வேளையில் அக்களம் ஓய்ந்துவிட்டது. அவ்விழை எவ்வாறு நூற்கப்பட்டது, எப்போது அறுந்தது, அறுந்தமையால் இன்று நட்டமடைவோர் யாவர் என்பவற்றை நோக்குதல் இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

அக்கினிக் கொள்கை

யாழ்ப்பாணத்து மருத்துவ மரபு ஐரோப்பியர் வருகையோடு தொடங்கியதன்று. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் பரம்பரை வைத்தியர் கைகளில் ஏட்டு வடிவில் வழங்கிவந்தன. பரராசசேகரத்தை இருபதாம் நூற்றாண்டில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பகுதி பகுதியாக அச்சேற்றினார். இம்மரபிலே சமிபாடு என்பது வயிற்றினுள் எரியும் ஒரு தீயின் தொழிலாகக் கொள்ளப்பட்டது. அத்தீ சமாக்கினி, விடமாக்கினி, தீட்சணாக்கினி, மந்தாக்கினி என நால்வகைப்படும். அளவோடு எரிவது நலம்; மிக்கெரிவதும் மங்குவதும் நோய்க்கு வித்து. இன்றும் எமது பேச்சிலே உணவு செரியாத நிலையை 'மந்தம்' என்றே குறிக்கின்றோம்.

வயிற்றினுள் தீ இல்லை என்பதை இன்று யாவரும் அறிவர். எனினும் இக்கொள்கையில் ஓர் அமிசம் மனங்கொள்ளத்தக்கது. பசி மிகுவதையும் குறைவதையும் ஒருவரின் ஒழுக்கக் குறைபாடாக மட்டும் கருதாது, உடலின் நிலையொன்றாக அது கருதிற்று. ஒருவருக்குப் பசி அதிகமெனின் அவருடைய அக்கினி தீட்சணமானது. அதனைத் தணிக்க வழி தேடுவது வைத்தியனின் கடமை. விளக்கம் பிழைபட்டதாயினும் வினா சரியான இடத்திலேயே எழுப்பப்பட்டது. பசியை ஏற்றி இறக்குவது உடலினுள் இருக்கும் எது என்பதே அவ்வினா.

மானிப்பாயின் சாதனை

அமெரிக்க இலங்கை மிஷன் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே காலூன்றியது. அதன் மருத்துவப் பணியைப் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடரும் அவருக்குப்பின் வட்டுக்கோட்டையில் நேதன் உவாட்டும் நடத்தினர். 1847 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வந்துசேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அடுத்த ஆண்டில் மானிப்பாய்க்கு இடம்பெயர்ந்து, சில மாணவரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் 1822 இற் பிறந்த கிறீன், நியூயோர்க் மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். இடையிலே தாயகம் சென்று 1862 இல் மீண்ட அவர், 1873 இல் இறுதியாக விடைபெறும்வரை பயிற்றிய மருத்துவர் 62 பேர். அவருள் 33 பேர் தமிழ்மொழி மூலம் கற்றவராவர்.

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்த கிறீன், 1864 முதல் தமிழுக்கு மாறினார். இம்மாற்றத்துக்கு மொழிப்பற்று மட்டும் காரணமாயிற்று எனக் கூறுதல் பொருந்தாது. ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியேறினர். கிராமங்கள் முன்போலவே மருத்துவரின்றிக் கிடந்தன. தமிழிற் பயின்றவர் தம் ஊரிலே தங்கி, நோயாளியின் மொழியிலே நோயை விளக்குவர் என்பதே கிறீனின் கணிப்பு. மருத்துவக் கல்வியின் மொழி, மருத்துவர் எங்கே பணியாற்றுவர் என்பதைத் தீர்மானிக்கும் என்பதை அவர் பட்டறிவாற் கண்டிருந்தார்.

இக்கல்விக்கெனத் தமிழில் நூல்கள் எழுந்தன. கிறீனும் அவருடைய மாணவரும் பெயர்த்தும் திருத்தியும் வெளியிட்டவை நாலாயிரம் பக்கங்களை அண்டியவை. கட்டரின் நூல் 1857 இல் வெளிவந்தது. உடலமைப்பை 'அங்காதிபாதம்' எனவும், உடற்றொழிலை 'சுகரணம்' எனவும், நலம் பேணுதலை 'உற்பாலனம்' எனவும் அது வழங்கிற்று. 1867 இல் இரண வைத்தியமும், 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875 இல் கெமிஸ்தமும், 1883 இல் மனுஷ சுகரணமும், 1884 இல் இந்து பதார்த்த சாரமும் தொடர்ந்தன.

இவ்வாண்டுகளை மூலநூல்களின் ஆண்டுகளோடு ஒப்பிடுதல் பயனுடையது. மனுஷ அங்காதிபாதத்துக்கு மூலமான கிறேயின் நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858 இல் ஆகும். பதினான்கு ஆண்டுகளில் அது தமிழாயிற்று. மனுஷ சுகரணத்துக்கு மூலமான டோல்ற்றனின் நூல் 1859 இல் முதற்பதிப்புப் பெற்றது; இருபத்துநான்கு ஆண்டுகளில் அது தமிழில் அச்சேறிற்று. டோல்ற்றன் பாரிசில் குளோட் பேணாட்டிடம் நேரிற் பயின்றவர். கிறீன் கற்ற நியூயோர்க் கல்லூரியிலே பிற்காலத்திற் பேராசிரியராக இருந்தவர். உலகின் முன்னணி ஆய்வுகூடத்துக்கும் மானிப்பாய் மாணவனுக்கும் இடையே இருந்த தொலைவு ஒரு தலைமுறைக்கும் குறைவாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமிபாட்டு அறிவு பெரிதும் ஒரு விபத்தினாற் கிடைத்ததாகும். கிறீன் பிறந்த அதே 1822 இல், அமெரிக்காவின் மக்கினாக் தீவிலே அலெக்சி சென் மார்ட்டின் என்னும் இளைஞன் துப்பாக்கி வெடியினாற் காயமுற்றான். காயம் ஆறியபோதும் இரைப்பைக்குள் ஒரு துவாரம் மூடாது நிலைத்தது. அவனுக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமொன்ற், அத்துவாரத்தினூடாக உணவுத் துண்டுகளை நூலிற் கட்டி இறக்கி, அவை கரையும் விதத்தை ஆண்டுக்கணக்காக அவதானித்து 1833 இல் நூலாக வெளியிட்டார். இரைப்பையில் எரிவது தீயன்று. அமிலங் கொண்ட ஒரு நீர் சுரந்து உணவைக் கரைக்கின்றது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. 1836 இல் அந்நீரினுள் இருக்கும் பெப்சின் என்னும் நொதியம் அறியப்பட்டது. கணையநீரின் தொழிலைக் குளோட் பேணாட் தெளிவுபடுத்தினார்.

இவ்வாறாக, அக்கினி இருந்த இடத்தை இரசாயனம் கைப்பற்றியது. ஆயினும் பழைய வினா விடைபெறவில்லை. உணவு வந்துவிட்டது என்பதை உறுப்புகள் எவ்வாறு அறிகின்றன? எப்போது சுரக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என அவற்றுக்கு அறிவிப்பது யாது? இவற்றுக்கு அக்கால அறிஞர் கண்ட விடை நரம்பு என்பதே. உருசியாவின் பாவ்லோவ் தம் ஆய்வுகளால் இக்கருத்துக்குப் பெருவலிமை சேர்த்தார். சமிபாட்டு ஆய்வுக்காக 1904 இல் நோபல் பரிசையும் பெற்றார்.

1902: ஒரு பிற்பகற் பரிசோதனை

நரம்பே யாவற்றையும் ஆள்கின்றது என்னும் கருத்து உடைந்த நாள் 1902 ஆம் ஆண்டு ஜனவரி 16 எனக் கொள்ளப்படுகின்றது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிசும் ஏணெஸ்ற் ஸ்ராலிங்கும் மயக்கமூட்டப்பட்ட நாயொன்றில் ஒரு பரிசோதனையை நிகழ்த்தினர். சிறுகுடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகள் அனைத்தையும் வெட்டி, இரத்தக் குழாய்களால் மட்டும் அது உடலோடு தொடர்புற்றிருக்குமாறு செய்து, அதனுள் ஐதான அமிலத்தைச் செலுத்தினர். நரம்புத் தொடர்பு இல்லாதிருந்தும் சதையி வழமைபோலவே சுரந்தது. எனவே செய்தி நரம்பினூடாகச் சென்றிருக்க முடியாது. இரத்தத்தினூடாகவே சென்றிருத்தல் வேண்டும். உடனே ஸ்ராலிங் குடலின் உட்படையைச் சுரண்டியெடுத்து, மணலோடும் அமிலத்தோடும் அரைத்து வடித்து, அவ்வடிநீரை நாயின் இரத்தத்திற் செலுத்தினார். சதையி மீண்டும் சுரந்தது.

குடலிலிருந்து இரத்தவழியே சென்று சதையிக்குச் செய்தி கூறிய அப்பதார்த்தத்துக்கு அவ்விருவரும் செக்கிரிற்றின் எனப் பெயரிட்டனர். 1905 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிகழ்த்திய விரிவுரைகளில் ஸ்ராலிங் இத்தகைய தூதுப் பதார்த்தங்கள் யாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல்லை முன்வைத்தார். எழுப்புதல், தூண்டுதல் என்னும் பொருள்தரும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த அச்சொல்லே 'ஓமோன்'. இன்சுலினும் தைரொட்சினும் பாலியல் ஓமோன்களும் இன்று யாவரும் அறிந்தவை. ஆனால் அப்பெயரின் கீழ் முதன்முதலில் நிறுத்தப்பட்டது குடலிலிருந்து வந்த தூதே என்பது பலர் மறந்த உண்மை.

இழை அறுந்தமை

1884 இல் இந்து பதார்த்த சாரம் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவிலே கிறீன் காலமானார். அதற்கும் 1902 க்கும் இடையே உள்ளவை பதினெட்டு ஆண்டுகள் மாத்திரமே. கிறேயின் நூலும் டோல்ற்றனின் நூலும் தமிழாவதற்கு எடுத்த காலத்தை நோக்கின், 1920 களிலே ஓமோன் பற்றிய தமிழ்நூலொன்று யாழ்ப்பாணத்திலே தோன்றியிருக்கலாம் என எதிர்பார்ப்பது நியாயமே. அது நிகழவில்லை.

காரணத்தைத் தனிமனிதரிடம் தேடுதல் வரலாற்று நோக்காகாது. 1870 இல் கொழும்பிலே அரசாங்கம் மருத்துவக் கல்லூரியொன்றை ஆங்கிலத்திலே தொடங்கியது. அரசாங்க மருத்துவ சேவைக்கு வாயில் அதுவாயிற்று. உத்தியோகம், சம்பளம், ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தின் பக்கம் நின்றபோது தமிழ்வழி மருத்துவம் பயில்வதற்குச் சமூக ஆதாயம் அருகிற்று. கிறீன் 1873 இற் சென்றபின் நூல்கள் சில அச்சேறின. அவற்றைப் படிக்கும் வகுப்பறை நலிந்தது. மாணவனின்றிப் பாடநூல் வாழாது. பாடநூலின்றிக் கலைச்சொல் வாழாது. 'சுகரணம்' என்னும் சொல் வழக்கிழந்து, பின்னாளில் 'உடற்றொழிலியல்' எனப் புதிதாக ஆக்கப்பட வேண்டியதாயிற்று. அம்பி 1967 இல் எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' இம்முயற்சியைத் தமிழுலகுக்கு மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தமையே மறதியின் ஆழத்தைக் காட்டும்.

இலங்கையிற் பாடசாலைக் கல்வி சுயமொழிக்கு மாறியபின் அறிவியற் கலைச்சொற்கள் பெருந்தொகையாக ஆக்கப்பட்டன. சதையி, சமிபாடு, நொதியம், ஓமோன் ஆகியவற்றை உயர்தர வகுப்பு மாணவர் தமிழிலேயே கற்கின்றனர். ஆயின் பல்கலைக்கழக மருத்துவபீடத்தினுள் நுழைந்ததும் அம்மாணவரின் பாடமொழி ஆங்கிலமாகின்றது. யாழ்ப்பாணத்திலே 1978 இல் நிறுவப்பட்ட மருத்துவபீடமும் இதற்கு விலக்கன்று. உலகப் பொதுமொழியில் மருத்துவம் கற்பதன் அவசியத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் அம்மருத்துவர் நோயாளியின் முன் அமரும்போது மொழி மீண்டும் தமிழாகின்றது. இவ்விரு மாற்றங்களுக்கும் இடையே எவ்வளவு அறிவு வழியிற் சிந்துகின்றது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

தூதர் தொகை பெருகியமை

அறுந்த இழையின் மறுபுறத்தில் ஆய்வு விரைந்து வளர்ந்தது. 1905 இல் எட்கின்ஸ் இரைப்பையின் அமிலச் சுரப்பைத் தூண்டும் கஸ்திரின் என்னும் ஓமோனை அறிவித்தார். அது நெடுங்காலம் ஐயுறப்பட்டு, 1964 இல் லிவர்பூலில் கிறெகரியும் திரேசியும் தூய வடிவிற் பிரித்தெடுத்தபின்னரே முழுமையாக ஏற்கப்பட்டது. 1928 இல் ஐவியும் ஓல்ட்பேர்க்கும், கொழுப்புணவு குடலை அடைந்ததும் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் கொலெசிஸ்ரோகைனினைக் கண்டனர். 1973 இல் இதே ஓமோனைச் செலுத்திய எலிகள் வழமையிலும் குறைவாக உண்டு நிறுத்தின என்பதைக் கிப்ஸ், யங், சிமித் ஆகியோர் காட்டினர். உண்டது போதும் என்னும் உணர்வைத் தருவதிலே வயிறு நிரம்பும் பாரத்தோடு குடல் அனுப்பும் செய்திக்கும் பங்குண்டு என்பது இதனால் வெளிப்பட்டது.

வேறொரு புதிரும் இருந்தது. 1964 இல் வெளிவந்த ஆய்வுகள், குளுக்கோசை நேரே நாளத்திற் செலுத்துவதிலும் வாயால் அருந்தும்போதே இன்சுலின் மிகுதியாகச் சுரக்கின்றது எனக் காட்டின. அவ்வாறெனின், குடலைக் கடந்து செல்லும்போது உணவு ஏதோவொரு செய்தியைச் சதையிக்கு அனுப்பிவைத்தல் வேண்டும். அத்தகைய செய்திப் பதார்த்தத்துக்குப் பெல்ஜியத்து லா பார் 1932 இலேயே 'இன்கிரெற்றின்' எனப் பெயரிட்டிருந்தார். 1983 இல் குளுக்ககன் என்னும் ஓமோனுக்குரிய மனிதப் பரம்பரையலகு வாசிக்கப்பட்டபோது, அதனுள் அறியப்படாத வேறு ஓமோன்களின் வரைவும் பொதிந்திருந்தது தெரியவந்தது. அவற்றுள் ஒன்று, 'குளுக்ககன் போன்ற பெப்தைட்டு 1' எனப் பெயர் பெற்றது. ஆங்கில முதலெழுத்துகளால் 'ஜீ.எல்.பி.-1' என இன்று செய்தித்தாள்களில் அடிபடுவது இதுவே. அது இன்சுலினைச் சுரப்பிக்கும் வல்லமையுடையது என்பதை அமெரிக்காவில் சுவெற்லானா மொய்சோவ், ஹபெனர் ஆகியோரும் டென்மார்க்கில் ஹோல்ஸ்ற்றும் 1987 அளவில் நிறுவினர். இரைப்பை வெறுமையாகும் வேகத்தை அது குறைப்பதும், மூளையிலே பசியைத் தணிப்பதும் பின்னர் அறியப்பட்டன.

இவ்வோமோன் இரத்தத்தில் இரண்டொரு நிமிடங்களுக்குள் சிதைந்துவிடும். எனவே அதனை மருந்தாக்குதல் எளிதன்று. இத்தடையைக் கடக்க உதவியது அமெரிக்கப் பாலைநிலத்து நச்சுப்பல்லியொன்றாகும். அதன் நஞ்சிலிருந்து அவ்வோமோனை ஒத்த, விரைந்து சிதையாத பதார்த்தமொன்றை ஜோன் எங் 1992 இற் கண்டறிந்தார். அதன்வழி எழுந்த எக்செனரைட் 2005 இல் அமெரிக்காவில் நீரிழிவு மருந்தாக அங்கீகாரம் பெற்றது. செமகுளூரைட் 2017 இல் நீரிழிவுக்கும் 2021 இல் உடற்பருமனுக்கும் அங்கே அனுமதிக்கப்பட்டது. 2021 இல் வெளிவந்த ஆய்வொன்றிலே 68 வாரம் அம்மருந்தைப் பெற்றோர் தம் நிறையிற் சராசரியாக 15 வீதமளவை இழந்தனர்; போலி மருந்தைப் பெற்றோர் இழந்தது 2.4 வீதமே. மருந்தை நிறுத்தியோரைத் தொடர்ந்து நோக்கியபோது, அடுத்த ஓராண்டினுள் இழந்த நிறையில் மூன்றில் இரு பங்கு மீண்டமை தெரியவந்தது.

1999 இல் யப்பானிய அறிஞரான கொஜிமாவும் கங்காவாவும் கிறெலினைக் கண்டறிந்தனர். இரைப்பையிலே சுரக்கும் இது உணவுக்கு முன் இரத்தத்தில் உயர்ந்து, உண்டபின் தாழ்கின்றது, பசியை எழுப்புகின்றது. இவ்வாறாக, எம்முன்னோர் வயிற்றிலே எரிந்ததாகக் கருதிய தீக்குப் பதிலாகப் பசியை ஏற்றும் தூதரும் இறக்கும் தூதரும் இருப்பதை அறிவியல் கண்டது. பழைய வினாவுக்கு விடை வந்துவிட்டது. அவ்விடை வந்த மொழி மட்டும் வேறு.

குடாநாட்டின் உடல்

இவ்வறிவு யாழ்ப்பாணத்துக்கு ஏன் வேண்டும்? உடற்பருமன் செல்வந்த நாடுகளின் சிக்கல் அன்றோ எனச் சிலர் வினவக்கூடும். 2005-2006 காலப்பகுதியில் இலங்கையிலே நடத்தப்பட்ட பேராய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினர் நீரிழிவு உடையவர் எனக் கண்டது. அவருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் இருப்பதை அறியாதிருந்தனர். ஆனால் அவ்வாய்வு நடைபெற்றவை ஏழு மாகாணங்களே. யுத்தத்தின் காரணமாக வட மாகாணமும் கிழக்கு மாகாணமும் அதிற் சேர்க்கப்படவில்லை. தேசிய அளவிலான நீரிழிவு ஆய்வின் தொடக்ககால வரைபடத்திலே குடாநாட்டின் உடல் வெற்றிடமாக இருந்தது என்பது வரலாற்று மாணவன் மறத்தலாகாத ஒன்று.

அவ்வெற்றிடத்தின் பின்னே பெருமாற்றங்கள் நிகழ்ந்தன. குரக்கன், சாமை, ஒடியல், தவிடு நீக்காத சிவப்பரிசி ஆகியன நிறைந்திருந்த உணவிலே, 1942 இல் பர்மிய அரிசி வரவு தடைப்பட்ட உலகப்போர்க் காலந்தொட்டுக் கோதுமை மா இடம்பிடித்தது. பிட்டும் இடியப்பமும் பெயர் மாறாது பொருள் மாறின. 1990 களில் எரிபொருட் தடை நிலவியபோது துவிச்சக்கர வண்டியே குடாநாட்டின் ஊர்தி. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினர் கால்நடையாகவே இடம்பெயர்ந்தனர். 2009 இல் யுத்தம் முடிந்தபின் பாதை திறந்தது. மோட்டார் வண்டிகளும் பொதியுணவும் இனிப்புப் பானங்களும் வந்துசேர்ந்தன. ஒரே தலைமுறையினர் பட்டினியையும் மிகையுணவையும் தம் வாழ்நாளிலேயே கண்டனர். மேலும், ஆசிய மக்களிடையே நோய்ப்பாடு குறைந்த பருமனிலேயே தொடங்குவதால், உடற்றிணிவுச் சுட்டெண் 23 ஐத் தாண்டும்போதே விழிப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இற் சுட்டிற்று. கண்ணுக்கு மெலிந்தவராகத் தோன்றுபவரும் இவ்வாபத்துக்குப் புறம்பானவரல்லர்.

இந்நிலையில் நோயாளி கேட்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: 'வாயைக் கட்ட வேண்டும்.' உணவிற் கட்டுப்பாடு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கட்டுப்பாட்டை முயன்று தோற்றவரை நாம் எவ்வாறு நோக்குகின்றோம்? உறுதியற்றவர், தீனிப்பிரியர் என்றே ஊர் பேசுகின்றது. அவரும் தம்மை அவ்வாறே பழிக்கின்றார். 2011 இல் மெல்பேணிலே பிரியா சுமித்திரனும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்து நோக்கற்பாலது. பத்து வாரக் கடும் உணவுக்கட்டுப்பாட்டினாற் சராசரியாக 13.5 கிலோகிராம் நிறையை இழந்தோரின் இரத்தத்திலே பசியை எழுப்பும் கிறெலின் உயர்ந்தது; போதும் எனக் கூறும் ஓமோன்கள் தாழ்ந்தன. ஓராண்டு கழிந்தபின்னரும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் தணியவில்லை. மெலிந்த உடல் தான் இழந்ததை மீட்பதற்கு ஓராண்டாகத் தூதனுப்பிக்கொண்டேயிருந்தது. அத்தூதை எதிர்த்து நிற்பவரின் போராட்டத்தை மனவுறுதியின்மை எனப் பெயரிடுதல் அறமுமன்று, அறிவுமன்று.

இவ்வுண்மையைத் தமிழில் எளிதாகக் கூறும் பாடமொன்று நோயாளியின் கையில் இல்லாதவிடத்து இருவகைக் கேடுகள் விளைகின்றன. ஒருபுறம் பழியும் நாணமும் அவரைச் சிகிச்சையிலிருந்து விலக்குகின்றன. மறுபுறம், மெலிவிக்கும் ஊசி என்று விளம்பரப்படுத்தப்படுவது யாது, அது எவருக்கு உரியது, நிறுத்தினால் யாது நிகழும், குமட்டலும் வாந்தியும் ஏன் உண்டாகின்றன என்பவற்றை அறியாது அதனை மந்திரமாக நம்பவோ நஞ்சென அஞ்சவோ நேர்கின்றது. இன்சுலின் ஊசியை நோயின் முடிவுரையாகக் கருதி மறுப்போரை எம்மிடையே காண்பது அரிதன்று. அதே அறியாமை புதிய மருந்துகளையும் தொடரும்.

பழைய உணவைப் போற்றுவோரும் ஓர் எச்சரிக்கையை ஏற்றல் வேண்டும். நார்ப்பொருள் மிக்க, மெல்லச் சமிக்கும் உணவு குடலின் கீழ்ப்பகுதியை அடைந்து, பசியைத் தணிக்கும் ஓமோன்களைச் சுரக்கும் கலங்களைத் தூண்டவல்லது என்பது ஆய்விற் காணப்பட்டுள்ளது. குடாநாட்டு உணவுகள் இரத்தக் குளுக்கோசை எவ்வாறு உயர்த்துகின்றன என்பதை யாழ்ப்பாண மருத்துவபீடத்து ஆய்வாளர் அளந்துமுள்ளனர். போற்றத்தக்க பணி அது. ஆயின் கூழ் குடித்தாற் பருமன் கரையும் எனக் கூறுவது மரபின்மேல் வைக்கும் அன்பேயன்றி ஆய்வின் முடிவன்று. ஒடியலின் பெருமையையும் அளவுகோலின் முன் நிறுத்தியே பேசுதல் வேண்டும்.

சொல்லாக்கமும் கடப்பாடும்

கலைச்சொல் ஆக்கத்திலே கிறீன் கைக்கொண்ட நெறி இன்றும் கருதத்தக்கது. தமிழில் உள்ள சொல்லை முதலிற் கொள்ளுதல். இல்லாதவிடத்து வடமொழியை நாடுதல். அதுவும் பொருந்தாதவிடத்து மேனாட்டுச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல் என்பது அதன் சாரம். 'அங்காதிபாதம்' வடமொழிவழி வந்தது. 'கெமிஸ்தம்' ஒலிவழி வந்தது. இலங்கைப் பாடநூல்களில் இன்று வழங்கும் 'ஓமோன்' இம்மூன்றாம் வழியைச் சேர்ந்ததே. தமிழகத்தார் 'இயக்குநீர்' என்றும் வழங்குவர். எச்சொல் சிறந்தது என வாதிடுதல் எளிது. அச்சொல்லைக் கொண்டு ஒரு முழு நூலை எழுதி, ஒரு நோயாளிக்குப் பயன்படச் செய்தலே அரிது. கிறீனின் பெருமை அவர் ஆக்கிய சொற்களில் இல்லை. அவற்றுட் பல இன்று வழக்கில் இல்லை. அவர் சொற்களை ஆக்கியதோடு நில்லாது, அச்சொற்களாற் கற்று ஊருக்குச் சென்ற 33 மருத்துவரை ஆக்கினார் என்பதிலேயே அவர் பெருமை தங்கியுள்ளது.

மருத்துவபீடத்தைத் தமிழுக்கு மாற்றுக எனக் கேட்பது இக்கட்டுரையின் முடிபன்று. அதனினும் சிறியதும் உடனே இயலக்கூடியதுமான ஒன்றையே வேண்டுகின்றோம். உடற்றொழிலியலைக் கற்பிக்கும் ஆசிரியரும் தமிழ் கற்கும் மாணவரும் ஒரு பல்கலைக்கழகத்தின் கூரையின் கீழேயே இருக்கின்றனர். பசி எவ்வாறு எழுகின்றது, எவ்வாறு அடங்குகின்றது, நீரிழிவும் பருமனும் அதனோடு எவ்வாறு தொடர்புறுகின்றன, புதிய மருந்துகள் யாது செய்கின்றன என்பவற்றை, பத்தாம் வகுப்புவரை படித்த ஒருவர் விளங்கிக்கொள்ளுமாறு, ஐம்பது பக்கங்களில் இவ்விருசாராரும் இணைந்து எழுதுதல் இயலாததன்று. நீரிழிவுச் சிகிச்சை நிலையத்தின் வாங்கில் முறைக்காகக் காத்திருக்கும் நோயாளியின் கைக்கு அச்சிறுநூல் சென்று சேருமாயின், 1884 இல் அறுந்த இழையின் ஒரு நுனியாவது எடுத்து முடியப்பட்டதாகும்.

மானிப்பாயிலே கிறீனின் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் நிற்கின்றது. கட்டடத்துக்குப் பெயரிடுதல் நினைவுகூரலின் ஒரு வகை. தன் உடல் தன்னிடம் கூறுவதைத் தன் மொழியிலே விளங்கிக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு என்பதைச் செயலிற் காட்டுதல் மற்றொரு வகை. முன்னையதை எம் முன்னோர் செய்துவிட்டனர். பின்னையது எமக்கு எஞ்சியுள்ளது.